எல்லாக் கருவிக்கும் ஒரே முனை

நம் வீட்டுச் சுவிட்சுப் பலகையை உற்று நோக்கினால், மூன்று துளைகளையுடைய பிளக் பாயிண்டுகள் இரு வகையாக இருப்பது புலனாகும். சிறியது, மின்விசிறி, தொலைக்காட்சி, வானொலிப் பெட்டி போன்றவற்றிற்கு உரியது. 6 ஆம்பியர் மின்னோட்டத்தைத் தாங்கும். பெரியது, தண்ணீர் சூடேற்றும் கருவி போன்ற பெருந்தீனிக் கருவிகளுக்கு உரியது; 16 ஆம்பியரைத் தாங்கும். பெரிய பிளக்கைச் சிறிய துளைகளில் செருக முடியாது. இது தற்செயலாக நேர்ந்ததன்று. மெல்லிய கம்பியின் வழியே மிகுந்த மின்னோட்டம் பாய்ந்து, கம்பி சூடேறித் தீப்பற்றாதபடி காப்பது இந்த வடிவ வேறுபாடேயாகும். எழுத்தறியாத ஒருவர்கூட இதில் பிழை செய்ய இயலாது. கை தவறினாலும் வடிவம் தடுத்துவிடும்.

இதனை மனத்தில் இருத்திக்கொண்டு, கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் மின்னேற்றும் முனையின் கதைக்கு வருவோம். இங்கே நிகழ்ந்து வரும் மாறுதல் மேலே சொன்ன முறைக்கு நேர் எதிரானது. பலவாக இருந்த முனைகள் ஒரே வடிவத்தை அடைந்து வருகின்றன. அங்ஙனமாயின், இதுவரை வடிவம் செய்துவந்த காவலை இனிமேல் யார் செய்வது? இக்கேள்விக்கு விடை தேடுவதே இப்பேச்சின் நோக்கம்.

மூல வைகையின் கரையில், வருசநாட்டு மலைகளை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்தது கடமலைக்குண்டு. தென்னை, மா, இலவம் ஆகியவற்றைச் சார்ந்த வாழ்க்கை. இத்தகைய ஊரில் ஒரு வீட்டில் உள்ள கருவிகளை எண்ணிப் பாருங்கள். தாத்தாவிடம் பொத்தான் கைப்பேசி ஒன்று இருக்கும். தந்தையிடம் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய தொடுதிரைக் கைப்பேசி. அக்காளிடம் புதியது ஒன்று. கல்லூரியில் பயிலும் அண்ணனிடம் ஒரு மடிக்கணினி. தாத்தாவின் கைப்பேசிக்கும் தந்தையின் கைப்பேசிக்கும் 'மைக்ரோ பின்' எனப்படும் சரிவகம் போன்ற சிறு முனை; அக்காளுடையதற்கு 'டைப்-சி'; அண்ணனுடைய கணினி பழையதாயின் உருண்டைக் குழாய் முனை. நான்கு கருவிகளுக்கு மூன்று வகைச் சார்ஜர்கள். இவற்றுள் ஒன்று பழுதுற்றால், அதற்கு ஏற்றது உள்ளூர்க் கடையில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மடிக்கணினிச் சார்ஜர் என்றால் பெரும்பாலும் ஆண்டிபட்டிக்கோ தேனிக்கோ பேருந்தேறத்தான் வேண்டும். நாளை மறுநாள் தேர்வு என்னும் நிலையில் சார்ஜர் பழுதுற்ற மாணவனுக்கு, முனையின் வடிவம் என்பது வெறும் பொறியியல் செய்தியன்று.

இத்தனை வடிவங்கள் ஏன் தோன்றின? இருபது ஆண்டுகளுக்கு முன்னர் நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசிகள் நம் நாட்டில் எங்கும் பரவியிருந்தன. அந்த ஒரு நிறுவனத்திற்கே தடித்த பின் ஒன்று, மெல்லிய பின் ஒன்று என இரண்டு இருந்தன. பக்கத்து வீட்டாரிடம் சார்ஜர் கேட்பவர், "தடிப் பின்னா, சன்னப் பின்னா?" என்று முதலில் கேட்டறிய வேண்டியிருந்தது. ஏனைய நிறுவனங்களும் தத்தமக்கென ஒரு முனையை வகுத்துக்கொண்டன. கருவிகள் மெலிந்து வந்ததால் முனைகளும் மெலிய வேண்டியிருந்தது என்பது ஒரு காரணம். தம் சார்ஜரையே மக்கள் வாங்க வேண்டும் என்னும் வணிக நோக்கம் மற்றொரு காரணம். இரண்டாவதை ஒருவரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. 2009-ஆம் ஆண்டில் ஐரோப்பியச் சந்தையில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட வகைச் சார்ஜர்கள் வழங்கி வந்தன.

அவ்வாண்டிலேயே, ஐரோப்பிய ஆணையத்தின் தூண்டுதலால், பெரிய கைப்பேசி நிறுவனங்கள் ஒன்றுகூடி, மைக்ரோ முனையையே பொதுவாகக் கொள்வதென ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அது சட்டமன்று, தாமாக இசைந்து செய்தது. அதனால் சில ஆண்டுகளில் முப்பது வகை மூன்றாகக் குறைந்தது. அதற்கு மேல் குறையவில்லை. உடன்படிக்கையிலே, இடைமாற்றுத் துண்டு ஒன்றைக் கொண்டு இணைத்தாலும் போதும் என்று ஒரு வாசல் திறந்து வைக்கப்பட்டிருந்தது. ஆப்பிள் நிறுவனம் அவ்வாசல் வழியே சென்று தன் தனி முனையைக் காத்துக்கொண்டது. 2012-இல் 'லைட்னிங்' என்னும் புதிய தனி முனையையும் கொணர்ந்தது.

இனி, டைப்-சி முனை எவ்வாறு தோன்றியது என்று காண்போம். யூ.எஸ்.பி. என்னும் இணைப்பு முறை 1996-ஆம் ஆண்டு வெளிவந்தது. கணினியோடு அச்சுப்பொறி, விசைப்பலகை முதலியவற்றை இணைக்கும் பல்வேறு கம்பிகளுக்கு மாற்றாக அமைந்தது அது. இன்டெல் நிறுவனத்தில் அதனை உருவாக்கிய குழுவில் முதன்மையானவர், வடோதராவிலே பொறியியல் பயின்ற அஜய் பட் என்னும் இந்தியர். அம்முதல் முனையைச் செருகுவோர் ஒருமுறை முயன்று, திருப்பி மறுமுறை முயன்று, மீண்டும் முதலில் வைத்தபடியே செருகுவது உலகெங்கும் உள்ள வேடிக்கை. எந்தப் பக்கமாயினும் செருகும்படி அன்றே செய்திருக்கலாகாதா எனில், கம்பிகளும் மின்சுற்றும் இருமடங்காகிச் செலவு ஏறிவிடும் என்று அன்று கருதினர். புதிதாய் வரும் ஒன்று மலிவாக இருந்தாலன்றி எவரும் ஏற்கமாட்டார் அன்றோ?

அந்தக் குறை 2014-ஆம் ஆண்டில் வெளியான டைப்-சி முனையிலே நீங்கியது. நீள்வட்டம் போன்ற அதன் வாயினுள்ளே நடுவில் ஒரு மெல்லிய நாக்கு உண்டு. நாக்கின் மேற்புறம் பன்னிரண்டு, கீழ்ப்புறம் பன்னிரண்டு என இருபத்து நான்கு தொடுமுனைகள் அமைந்திருக்கின்றன. திருப்பிச் செருகினாலும் மின்சாரம் செல்லும் தொடுமுனை மின்சாரத்துக்கு உரியதன் மீதே படும்படி அவை எதிரெதிர் வரிசையில் ஒழுங்கு செய்யப்பட்டுள்ளன. நான்கு, மின்சாரத்தைக் கொண்டு செல்வன. நான்கு, அது திரும்பி வரும் வழி. பெரும்பாலான ஏனையவை செய்திகளையும் படங்களையும் கடத்துவன. இவற்றுள் இரண்டு மட்டும் வேறு பணிக்கு உரியவை. நாம் தேடும் காவலாளிகள் அவ்விரண்டே.

சார்ஜரில் டைப்-சி வாய் இருந்தால், கம்பியைச் செருகியவுடன் அதில் மின்சாரம் பாய்வதில்லை. சார்ஜர் முதலில் அந்தக் காவல் முனையின் வழியே, மறுபுறம் கருவி ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்கிறது. கருவியினுள்ளே அந்த முனையில் 5,100 ஓம் அளவுள்ள ஒரு சிறு மின்தடை பொருத்தப்பட்டிருக்கும். அத்தடை தென்பட்டால்தான் 5 வோல்ட் மின்சாரத்தைச் சார்ஜர் திறந்துவிடும். திறந்த கம்பியின் நுனியைத் தொட்டாலும், தவறான ஒன்றோடு இணைத்தாலும் மின்சாரம் வாராமல் இருப்பது இதனாலேதான்.

அடுத்து, அதே முனையின் வழியே ஓர் உரையாடல் நிகழ்கிறது. "என்னால் 5 வோல்ட் தர இயலும், 9 தர இயலும், 15 தர இயலும், 20-உம் இயலும், இன்னின்ன அளவு ஆம்பியர்" என்று சார்ஜர் தன் பட்டியலை அனுப்பும். "எனக்கு 9 போதும்" என்று கைப்பேசி விடை கூறும். மடிக்கணினியாயின் 20 வோல்ட் கேட்கும். சார்ஜர் இசைந்த பிறகே மின்னழுத்தம் உயர்த்தப்படும். கருவி ஒன்றும் பேசாவிடில் 5 வோல்ட்டோடு நின்றுவிடும். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் இவ்வுரையாடலின் விதிமுறைகளுக்கு 'பவர் டெலிவரி' என்று பெயர். ஒரே சார்ஜர் காதிலே மாட்டும் சிறு கருவிக்கும் மடிக்கணினிக்கும் பொருந்துவது இந்த உரையாடலால்தான்.

மின்னழுத்தத்தை ஏன் உயர்த்த வேண்டும் என்று மாணவர்கள் கேட்கலாம். ஒரு மடிக்கணினிக்கு 60 வாட் ஆற்றல் தேவை என்போம். அதனை 5 வோல்ட்டில் தருவதாயின் 12 ஆம்பியர் பாய வேண்டும்; 20 வோல்ட்டில் தந்தால் 3 ஆம்பியரே போதும். கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் வெப்பம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளிலும், கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் உள்ள லோயர் கேம்ப் நீர்மின் நிலையத்திலும் பிறக்கும் மின்சாரத்தை மிக உயர்ந்த அழுத்தத்திற்கு ஏற்றி, உயரமான கோபுரங்களின் வழியே அனுப்புவதும் இதே கணக்கினால்தான். மலைகளைத் தாண்டும் பெருங்கம்பிக்கும் நம் மேசையின் மீது கிடக்கும் சிறு கேபிளுக்கும் இயற்கை விதி ஒன்றே. 2021-இல் இம்முறையை மேலும் விரித்து, 48 வோல்ட்டில் 240 வாட் வரை தரலாம் என்று வகுத்தனர்.

சார்ஜர், கருவி ஆகிய இருவர் மட்டுமே பேசுகின்றனர் என்று எண்ணிவிடலாகாது. மூன்றாமவர் ஒருவரும் உண்டு; அது கேபிள். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியருக்கு மேல் தாங்குமாறு அமைக்கப்பட்டதன்று. அதற்கு மேல் செலுத்த வேண்டுமாயின், தன் தகுதியைத் தானே சொல்லும் ஒரு நுண்சில்லு கேபிளின் முனையில் இருத்தல் வேண்டும். 100 வாட் சார்ஜரையும் 100 வாட் கேட்கும் கணினியையும் நுண்சில்லு இல்லாத கேபிளால் இணைத்தால், 60 வாட்டுக்கு மேல் செல்லாது. கடையில் தொங்கும் இரண்டு கேபிள்கள் நிறத்திலும் நீளத்திலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று கணினிக்கு முழுத் தீனி போடும், மற்றது அரை வயிற்றோடு நிறுத்திவிடும். செய்தியைக் கடத்தும் வேகத்திலும் இவ்வேற்றுமை உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2023 செப்டம்பரில் வெளியிட்ட ஐபோன் 15 வரிசையில் எல்லாவற்றிற்கும் டைப்-சி வாயே. ஆயினும் விலை குறைந்த வகை வினாடிக்கு 480 மெகாபிட் வேகத்திலும், உயர்ந்த வகை 10 கிகாபிட் வேகத்திலும் செய்தியைக் கடத்தின. ஏறத்தாழ இருபது மடங்கு வேறுபாட்டை வாயின் வடிவம் காட்டிக் கொடுக்கவில்லை.

மலிவான கைவிளக்கு, சிறு மின்விசிறி முதலியவற்றில் வேறொரு தொல்லை. வாய் டைப்-சியாக இருக்கும். உள்ளே அந்த 5,100 ஓம் தடையைப் பொருத்தாமல் விட்டிருப்பர். அதன் விலை சில காசுகளே. பழைய சார்ஜரோடு அக்கருவி இயங்கும். இரு நுனியும் டைப்-சியாக உள்ள கேபிளைக் கொண்டு புதிய சார்ஜரோடு இணைத்தால் இயங்காது. சார்ஜர் கெட்டுவிட்டது என்று நாம் எண்ணுவோம். உண்மையில் சார்ஜர் தன் கடமையைச் செய்கிறது. எதிரே கருவி இருப்பதாக அதற்குத் தெரியவில்லை. சில கைப்பேசி நிறுவனங்கள் விரைவாக மின்னேற்றுவதற்குத் தமக்கென ஒரு தனி மொழியை வைத்திருப்பதும் உண்டு. அவற்றின் சார்ஜர் தன் இனத்தோடு விரைந்து பேசும்; பிறரோடு பேசும்போது மெதுவாகவே ஊட்டும்.

இந்நிலையில்தான் சட்டம் குறுக்கிட்டது. 2022 அக்டோபர் 4-ஆம் நாள் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 602 பேர் ஆதரித்தும் 13 பேர் எதிர்த்தும் வாக்களிக்க, பொதுச் சார்ஜர் சட்டம் நிறைவேறியது. கைப்பேசி, கைக்கணினி, நிழற்படக் கருவி, ஒலிபெருக்கி முதலியவற்றிற்கு 2024 டிசம்பர் 28 முதலும், மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் டைப்-சி வாய் கட்டாயம் என்று அது விதித்தது. பயன்படாமல் எறியப்படும் சார்ஜர்களால் ஐரோப்பாவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 11,000 டன் குப்பை சேர்கிறது என்பது அவ்வாணையத்தின் மதிப்பீடு. இச்சட்டம் வடிவத்தோடு நின்றுவிடவில்லை என்பதே இதில் நான் மிகவும் மதிக்கும் கூறு. 15 வாட்டுக்கு மேல் ஏற்றும் கருவிகள் 'பவர் டெலிவரி' என்னும் பொது மொழியையும் பேசியாக வேண்டும் என்று அது கூறுகிறது.

இவ்வாறு சட்டம் செய்வது புதுமைக்குத் தடையாகும் என்று ஆப்பிள் நிறுவனம் வாதாடியது. இதே நிறுவனம் 2015-ஆம் ஆண்டிலேயே, டைப்-சி வாய் ஒன்றை மட்டும் உடைய மடிக்கணினியை வெளியிட்டிருந்தது என்பதை இங்கே நினைவுகூரலாம். ஆனால் வாதத்தை முற்றிலும் தள்ளிவிட இயலாது. 2009-இல் மைக்ரோ முனையைச் சட்டமாக்கியிருந்தால், டைப்-சி தோன்றுவது கடினமாகியிருக்கும். அதனாலேயே, பின்னர்ச் சிறந்ததொன்று வந்தால் விதியை மாற்றிக்கொள்ள இச்சட்டத்தில் இடம் வைத்திருக்கின்றனர்.

நம் நாட்டிலே, மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டிலும் நவம்பரிலும் தொழில்துறையினரைக் கூட்டி ஆராய்ந்தது. தொடுதிரைக் கைப்பேசி, கைக்கணினி, மடிக்கணினி ஆகியவற்றிற்கு டைப்-சி என்று அங்கே கருத்தொருமை ஏற்பட்டது. பொத்தான் கைப்பேசிக்கு வேறொரு முனை இருக்கலாம் என்றும் பேசப்பட்டது. 2023 ஜனவரியில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் டைப்-சி முனைக்கான இந்தியத் தர நிலையை வெளியிட்டது. தர நிலையை வெளியிடுவது வேறு. அதைக் கட்டாயமாக்குவது வேறு. ஐரோப்பாவுக்கென ஒன்று, இந்தியாவுக்கென ஒன்று என இருவேறு வடிவங்கள் செய்வது நிறுவனங்களுக்கு இலாபமன்று ஆதலால், அங்கே பிறந்த சட்டத்தின் பயன் இங்கும் பெருமளவு வந்து சேர்ந்தது.

தொழிலைப் பொறுத்தவரை தமிழ்நாடு இக்கதைக்கு வெளியே நிற்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிற்சாலை 2006-இல் தொடங்கி 2014-இல் மூடப்பட்டது. வெறுமையாய்க் கிடந்த அந்த ஆலையைப் பின்னர் எடுத்து நடத்த முன்வந்தது சால்காம்ப் என்னும் நிறுவனம். அதன் தொழில் சார்ஜர் செய்வது. தடிப் பின்னும் சன்னப் பின்னும் கொண்ட கைப்பேசிகள் பிறந்த கூடத்திலே புதிய சார்ஜர்கள் பிறக்கலாயின.

பொது அளவுக்கு மாறுவதன் செலவை யார் ஏற்பது என்பது அடுத்த கேள்வி. தேனி மாவட்டத்து மக்கள் இதனை இரயில் பாதையின் வாயிலாக அறிந்தவர்கள். மதுரையிலிருந்து ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்கு மீட்டர் பாதையில் இரயில் ஓடிக்கொண்டிருந்தது. நாடு முழுதும் அகலப் பாதையாக வேண்டும் என்னும் திட்டத்தின்படி 2010-ஆம் ஆண்டின் இறுதியில் அது நிறுத்தப்பட்டது. அகலப் பாதையில் தேனிக்கு இரயில் வந்தது 2022 மே மாதத்தில். போடிக்கு வந்தது 2023 ஜூனில். ஒரே அளவு என்பது நன்மைதான். இன்று போடியில் ஏறுபவர் வண்டி மாறாமல் சென்னைக்குச் செல்லலாம். ஆனால் இடைப்பட்ட பதினோராண்டுக்கு மேற்பட்ட காலம் இரயில் இல்லாமல் இருந்தவர்கள் ஆண்டிபட்டியாரும் தேனியாருமே.

முனை மாற்றத்தில் அவ்வளவு பெரிய இடைவெளி இல்லை. எனினும் மாறுதலின் சுமை, புதிய கருவி வாங்குவோரைவிடப் பழைய கருவியை வைத்திருப்போர் மீதே விழுகிறது. நகரத்தில் இரண்டாண்டில் மாற்றப்படும் கைப்பேசி, சிற்றூரில் தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பாட்டிக்கும் சென்று நெடுங்காலம் உழைக்கிறது. 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டில் அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய காலத்தில், டைப்-சி என்ற ஒன்றே தோன்றவில்லை. 2025 மார்ச்சு மாத நிதிநிலை அறிக்கையிலே, இரண்டாண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்க்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி தரப்படும் என்று மாநில அரசு அறிவித்தது. இத்தகைய பெருங் கொள்முதலில், வாய் டைப்-சியாக இருப்பதோடு, எந்தக் கடையில் வாங்கிய பொதுச் சார்ஜராலும் அக்கணினி முழு வேகத்தில் மின்னேறுமா என்பதையும் கேட்டறிதல் வேண்டும் என்பது என் கருத்து. விடுதியில் தங்கிப் பயிலும் மாணவனுக்குக் கணினிக்கும் கைப்பேசிக்கும் ஒரே சார்ஜர் போதுமா, இரண்டு வேண்டுமா என்பது இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தது.

சார்ஜரின் அடிப்புறத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது ஒன்றும் கடினமன்று. மிகச் சிறிய எழுத்தில் 'அவுட்புட்' என்று ஆங்கிலத்திலே எழுதி, அதன் எதிரே எண்கள் வரிசையாக இருக்கும். 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 3 ஆம்பியர், 15 வோல்ட் 3 ஆம்பியர், 20 வோல்ட் 3.25 ஆம்பியர் என்று இருப்பதாகக் கொள்வோம். கடைசி இரண்டு எண்களைப் பெருக்கினால் 65 வாட். இது பெரும்பாலான சிறு மடிக்கணினிகளுக்குப் போதும். கைப்பேசிக்கும் தீங்கு செய்யாது, ஏனெனில் கைப்பேசி தனக்கு வேண்டியதை மட்டுமே கேட்டுப் பெறும். வரிசையில் 5 வோல்ட் ஒன்று மட்டுமே இருந்தால், அந்தச் சார்ஜரால் மடிக்கணினி மின்னேறும் என்று எதிர்பார்க்க வேண்டா. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்பதையும் உடன் பார்த்துக்கொள்க. 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் பணி அந்தச் சிறு பெட்டியினுள்ளேதான் நடைபெறுகிறது. அதன் காப்பு குறைந்ததாயின், முனை எவ்வளவு நுட்பமாகப் பேசினாலும் பயனில்லை.

வாயைப் பேணுவது பற்றி ஒரு சொல். டைப்-சி வாய் பதினாயிரம் முறை செருகி எடுத்தாலும் தாங்குமாறு வகுக்கப்பட்டது. ஆனால் நடுவிலுள்ள நாக்கைச் சுற்றித் தூசியும் நூலிழையும் சேர்ந்தால் முனை முழுதும் உள்ளே இறங்காது. இலவம் பஞ்சு அடிக்கும் ஊர்களில் இதனைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. ஊக்கையோ தையல் ஊசியையோ விட்டுக் குடைந்தால், நெருங்கி நிற்கும் தொடுமுனைகள் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கருவியை முதலில் அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியின் நுனியால் மெல்ல எடுப்பதே தகும்.